ஜியாகா ஏரிப் பூங்கா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளீவ்லேண்ட் என்றதும் நம்மில் பலருக்குத் தியாகராஜ ஆராதனைதான் நினைவுக்கு வரும். அந்த ஊரிலிருந்து தென்கிழக்கே முக்கால் மணி நேரம் காரில் போனால் ஒரு சின்ன ஏரி இருக்கிறது. அதன் கரையில் 120 வருடம் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா நடந்தது. 2007இல் மூடிவிட்டார்கள். பெரிய கம்பெனிகள் கைவைக்காமல் இருந்திருந்தால் அது இன்றும் நடந்துகொண்டிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது கீழே உள்ள பதில்களில் வரும்.

பூங்கா சரியாக எங்கே இருந்தது?

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், வடகிழக்கு மூலையில். ஏரியின் ஒரு பகுதி ஜியாகா கவுண்டியில் உள்ள பெயின்பிரிட்ஜைச் சேர்ந்தது, மறுபகுதி போர்ட்டேஜ் கவுண்டியில் உள்ள அரோராவைச் சேர்ந்தது. சுற்றிலும் கிளீவ்லேண்ட், டயர் கம்பெனிகளுக்குப் பேர்போன ஆக்ரன், இரும்பு உருக்கிய யங்ஸ்டவுன் என்று ஆலை நகரங்கள். அங்கே வேலை செய்த குடும்பங்கள்தான் பூங்காவை வாழவைத்தன.

ஜியாகா என்றால் என்ன அர்த்தம்?

பூர்வகுடி மக்களின் மொழியிலிருந்து வந்த சொல். ரக்கூன் என்ற விலங்கைக் குறிக்கும் என்கிறார்கள். ஆரம்பத்தில் அந்த ஏரிக்கு ஜைல்ஸ் குளம் என்று பேர். அக்கம்பக்கத்தில் பிக்னிக் ஏரி என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

ஏன் ஓர் ஏரிக்கரையைத் தேர்ந்தெடுத்தார்கள்?

யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ரயில் வந்தது, பின்னாலேயே மக்கள் வந்தார்கள். 1856இல் கிளீவ்லேண்டிலிருந்து யங்ஸ்டவுன் போகும் ரயில் பாதை இந்த ஏரியை ஒட்டிப் போடப்பட்டது. அங்கே நிலம் வைத்திருந்த சல்லிவன் ஜைல்ஸ் என்பவர் தன் இடத்தில் மக்கள் வந்து உட்கார்ந்து சாப்பிட, படகு ஓட்ட, நடனமாட வசதி செய்து கொடுத்தார்.

அந்தக் காலத்து ஆலைத் தொழிலாளியின் நிலையிலிருந்து பார்த்தால் இதன் அருமை புரியும். வாரத்துக்கு ஆறு நாள் வேலை. ஊர் முழுக்கக் கரிப்புகை. மின்விசிறி கிடையாது, ஏசி என்ற பேச்சே கிடையாது. ஜூலை மாதப் புழுக்கத்தில் ஒரே நாள் விடுமுறை. ஒரு ரயில் டிக்கெட் வாங்கினால் மர நிழலும் ஏரிக் காற்றும் கிடைக்கும் என்றால் யார் போகமாட்டார்கள்? ரயில் கம்பெனிகளுக்கும் லாபம்தான். விடுமுறை நாளில் காலியாக ஓட வேண்டிய பெட்டிகள் நிரம்பின. பின்னாளில் டிராம் கம்பெனிகள் பாதை முடியும் இடத்தில் தாங்களே பூங்கா கட்டி ஆட்களை இழுத்தன.

ஓஹியோவில் இப்படி முளைத்த ஏரிக்கரைப் பூங்காக்கள் பல. ஈரி ஏரிக்கரையில் 1870இலேயே கடற்கரை போன்ற மணல் திட்டில் சீடர் பாயிண்ட் தொடங்கியது. 1878இல் சிப்பெவா ஏரிப் பூங்கா. 1895இல் கிளீவ்லேண்டிலேயே யூக்ளிட் பீச். ஜியாகாவும் இதே குடும்பம்தான். கடைசியில் இவற்றில் சீடர் பாயிண்ட் மட்டும் தப்பியது. அந்தப் பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்ப வரும்.

அப்படியானால் பூங்காவின் பிறந்த வருடம் எது?

1887 என்பது வழக்கமான கணக்கு. அதற்கு முன்பே பிக்னிக் கூட்டம் வந்துகொண்டிருந்தது என்பதால் வேறு வருடங்களும் சொல்வார்கள். முதல் விளையாட்டு எந்திரம் 1889இல் வந்த குடை ராட்டினம். அது நீராவியில் சுற்றியது.

பிக் டிப்பர் ரோலர் கோஸ்டரை ஏன் இவ்வளவு பேர் கொண்டாடுகிறார்கள்?

1925இல் வில்லியம் குல்மன் என்பவரின் கைக்கு வந்தபோது பூங்கா ஒரே வருடத்தில் வேறு முகம் எடுத்தது. பெரிய நீச்சல் குளம் வந்தது. கூடவே, சுமார் 50,000 டாலர் செலவில் மரத்தாலான ஒரு ரோலர் கோஸ்டரும் வந்தது. முதலில் அதற்கு ஸ்கை ராக்கெட் என்று பேர், அப்புறம் கிளிப்பர், 1969 முதல் பிக் டிப்பர். உயரம் 65 அடிதான். இன்றைய ராட்சதக் கோஸ்டர்களோடு வைத்துப் பார்த்தால் குழந்தை மாதிரி இருக்கும்.

ஆனால் அதை வடிவமைத்தவர் ஜான் மில்லர். ரோலர் கோஸ்டர் என்று இன்று நாம் சொல்வதற்கு உருவம் கொடுத்தவர்களில் முதல் இடம் அவருக்குத்தான். அவருக்கு முன்னால் வண்டி தன் எடையால் மட்டும் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. மேட்டின் உச்சியில் வேகமாகப் போனால் தூக்கி எறிந்துவிடும் என்ற பயத்தில் சரிவுகளைச் சாதுவாகவே வைக்க வேண்டியிருந்தது. மில்லர் தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரத்தைப் பொருத்தி 1919இல் காப்புரிமை வாங்கினார். மேலே ஒரு சக்கரம், பக்கவாட்டில் ஒன்று, கீழே ஒன்று என்று வண்டி தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டது. அதற்கப்புறம்தான் செங்குத்தான சரிவும், வயிறு மேலே எழும்பும் அந்த உணர்வும் சாத்தியமாயின. அடிச் சக்கரம் இன்றுவரை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது.

முதல் ஏற்றத்தில் வண்டி ஏறும்போது டக் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்குமே, அதுவும் அவரது பெயரோடு சேர்ந்ததுதான். இழுக்கும் சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் சரியாமல் பல்லில் விழுந்து பிடிக்கும் பூட்டின் சத்தம் அது. பயமுறுத்துவது போல் கேட்டாலும் வேலை என்னவோ நம்மைக் காப்பாற்றுவது.

பிக் டிப்பருக்கு 1930களின் பொருளாதார மந்தத்தையும் தாண்டிய பெருமை உண்டு. 1920களில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் கட்டப்பட்ட மரக் கோஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை விறகாகிப் போயின. பூங்கா மூடும்போது அந்த நாட்டில் மிஞ்சியிருந்த மிகப் பழைய கோஸ்டர்களில் இதுவும் ஒன்று.

டார்ஜான் நடிகர் அங்கே நீந்தினார் என்பது உண்மையா?

உண்மை. ஆனால் அப்போது அவர் நடிகர் இல்லை. ஜானி வைஸ்முல்லர் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நீச்சலில் மூன்று தங்கம் வாங்கியவர். 1926இல் ஜியாகா குளத்தில் 220 கெஜம் நீந்திச் சாதனை நேரத்தில் முடித்தார். திரையில் டார்ஜானாக வந்தது 1932இல்தான்.

புயல், தீ விபத்து எல்லாம் நடந்ததாமே?

1942இல் ஒரு சூறாவளி அடித்ததில் கட்டடங்கள் இடிந்தன, கோஸ்டருக்கும் சேதம். 1952இல் தீப்பிடித்து நடனக் கூடம், நாடக அரங்கம், ஸ்கேட்டிங் கூடம், பௌலிங் கூடம் எல்லாம் எரிந்தன. நஷ்டம் சுமார் 5 லட்சம் டாலர். இரண்டு தடவையும் பழுது பார்த்துத் திறந்தார்கள். இயற்கையும் நெருப்பும் செய்ய முடியாததைக் கணக்குப் புத்தகம் செய்து முடித்தது.

அந்தக் காலத்துப் பூங்காக்களில் எல்லோரையும் உள்ளே விட்டார்களா?

பழைய பூங்காக்களைப் பற்றிய ஏக்கத்தில் இந்தக் கேள்வியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பக்கத்திலிருந்த யூக்ளிட் பீச்சில் கறுப்பின மக்களுக்கு நடனக் கூடத்திலும் ஸ்கேட்டிங் கூடத்திலும் இடமில்லை. 1946 கோடையில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து போய்ப் போராடினார்கள், அடி வாங்கினார்கள். பிரச்சினை பெரிதாகி, அடுத்த வருடம் கிளீவ்லேண்ட் நகரம் பாகுபாட்டைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. பூங்கா நிர்வாகம் நடனக் கூடத்தைத் தனியார் கிளப் என்று மாற்றித் தன் பிடிவாதத்தைத் தொடர்ந்தது. அந்த நாட்களின் புகைப்படங்களைப் பார்க்கும்போது அதில் யார் இல்லை என்றும் பார்க்க வேண்டும்.

1969க்குப் பிறகு என்ன நடந்தது?

அந்த வருடம் ஃபன்டைம் என்ற நிறுவனம் பூங்காவை வாங்கியது. சீடர் பாயிண்டில் நிர்வாகம் பார்த்துத் தொழிலைக் கற்றவர்கள் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. என் பார்வையில் ஜியாகாவின் நல்ல காலம் இவர்கள் கையில் இருந்த இருபத்தைந்து வருடம்தான். ஒரே அடியாகப் பணத்தைக் கொட்டவில்லை. 1977இல் டபுள் லூப் என்று அடுத்தடுத்து இரண்டு வட்டம் போடும் கோஸ்டர். அடுத்த வருடம் கார்க்ஸ்க்ரூ. பிறகு குளங்களும் சறுக்குகளும். 1988இல் ரேஜிங் உல்ஃப் பாப்ஸ் என்ற மரக் கோஸ்டர். இப்படி இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்றாக, வருமானத்துக்குத் தகுந்தபடி வளர்த்தார்கள்.

வந்த கூட்டமும் அப்படித்தான். ஆலைகளும் தேவாலயங்களும் வருடா வருடம் தங்கள் பிக்னிக்கை இங்கே வைத்தன. அப்பா வேலை பார்க்கும் கம்பெனியின் பிக்னிக் நாள் எப்போது வரும் என்று பிள்ளைகள் காத்திருந்த பூங்கா இது. ஆனால் 1977 செப்டம்பரில் யங்ஸ்டவுனின் பெரிய உருக்காலை ஒன்று மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. தொடர்ந்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. பிக்னிக் நடத்தும் கம்பெனியே இல்லாமல் போனால் பிக்னிக் ஏது?

கடலே இல்லாத ஓஹியோவில் திமிங்கிலம் எப்படி வந்தது?

கடல் விலங்குகளைக் காட்டும் சீ வேர்ல்ட் நிறுவனம் தன் முதல் பூங்காவை 1964இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் திறந்தது. இரண்டாவதை எங்கே திறந்தார்கள் தெரியுமா? புளோரிடாவில் இல்லை, ஜியாகா ஏரியின் எதிர்க்கரையில். வருடம் 1970. புளோரிடா அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் வந்தது.

ஓஹியோ குளிரில் வருடம் முழுக்க நடத்த முடியாது என்பதால் அது கோடைக்கு மட்டுமான பூங்கா. ஓர்க்கா திமிங்கிலங்களையும் மற்ற பூங்காக்களிலிருந்து சீசனுக்குக் கொண்டுவந்து திருப்பி அனுப்பினார்கள். அந்த உயிர்களுக்கு அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது பார்த்தவர்களுக்கோ வாழ்நாள் அதிசயம்.

முப்பது வருடம் ஏரியின் இரண்டு கரையிலும் இரண்டு பூங்காக்கள். இந்தப் பக்கம் கோஸ்டரில் கத்துகிறவர்களின் சத்தம், அந்தப் பக்கம் தண்ணீர்ச் சறுக்கு வீரர்களின் நிகழ்ச்சி. இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட், தனித்தனி முதலாளி. இரண்டும் பிழைத்தன.

சரி, சிக்ஸ் ஃபிளாக்ஸ் வந்ததும் என்ன தவறு நடந்தது?

1995இல் பிரீமியர் பார்க்ஸ் என்ற நிறுவனம் ஃபன்டைமை வாங்கியது. அது 1998இல் சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற பெரிய பூங்கா நிறுவனத்தையும் வாங்கி, அந்தப் பேரையே தனக்கு வைத்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டு ஜியாகாவில் 4 கோடி டாலர் இறக்கி, ஒரே சீசனில் நான்கு புதிய கோஸ்டர்கள் கட்டி, சிக்ஸ் ஃபிளாக்ஸ் ஓஹியோ என்று போர்டு மாட்டினார்கள். அடுத்த வருடம் எதிர்க்கரை சீ வேர்ல்டை 11 கோடி டாலருக்கு வாங்கி, இரண்டையும் இணைத்து சிக்ஸ் ஃபிளாக்ஸ் வேர்ல்ட்ஸ் ஆஃப் அட்வென்சர் என்றார்கள். கிட்டத்தட்ட 700 ஏக்கர். கோஸ்டர், நீர்ப்பூங்கா, விலங்குகள் மூன்றுக்கும் ஒரே டிக்கெட்.

காகிதத்தில் அற்புதமான திட்டம். தரையில் கதை வேறு. முதலாவதாக, சீசன். பள்ளி விடுமுறையை ஒட்டி மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான் உண்மையான வியாபாரம், அதிலும் மழை நாட்களைக் கழிக்க வேண்டும். விலங்குகளுக்கு அந்தக் கணக்கு கிடையாது. அடுத்தது, டிக்கெட். முன்பு ஒரு குடும்பம் இரண்டு பூங்காவுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டியது. இப்போது இரண்டு பூங்காவின் செலவையும் ஒரு டிக்கெட் தாங்க வேண்டும். கம்பெனிக்கோ ஏற்கெனவே தலைக்கு மேல் கடன்.

அப்புறம் சீடர் பாயிண்ட். ஒன்றரை மணி நேர கார்ப் பயண தூரத்தில், அதே 2000ஆம் ஆண்டு அவர்கள் 310 அடி உயர மில்லெனியம் ஃபோர்ஸைத் திறந்தார்கள். 2003இல் 420 அடியில் டாப் த்ரில் டிராக்ஸ்டர். கோஸ்டரின் உயரத்தில் அந்தப் பூங்காவோடு போட்டி போடுவது யாராலும் முடியாத காரியம். ஜியாகா அதுவரை பிழைத்ததே போட்டி போடாததால்தான். பெரிய கோஸ்டர் வேண்டுமென்றால் சீடர் பாயிண்டுக்குப் போவார்கள், சின்னப் பிள்ளைகளோடு நிம்மதியாக ஒரு நாள் கழிக்க ஜியாகாவுக்கு வருவார்கள். அந்த நிம்மதியைத்தான் நெரிசலும் நீண்ட வரிசைகளும் எடுத்துக்கொண்டு போயின.

2004 வசந்தத்தில், சீசன் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது, எல்லாவற்றையும் 14.5 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள். கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். புதிய கோஸ்டர்களுக்கும் சீ வேர்ல்டுக்கும் சேர்த்தே 15 கோடி கொடுத்திருந்தார்கள். பழைய பூங்காவுக்குக் கொடுத்த விலை இதில் சேரவில்லை.

வாங்கியது யார்?

சீடர் ஃபேர். அதாவது சீடர் பாயிண்டின் முதலாளி.

போட்டியை ஒழிக்கத்தான் வாங்கி மூடினார்கள் என்கிறார்களே?

ஓஹியோவில் இதை அடித்துச் சொல்பவர்கள் நிறைய. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மூடுவதற்காகவே வாங்கியவர்கள் எதிர்க்கரையில் 2.4 கோடி டாலர் செலவில் வைல்ட்வாட்டர் கிங்டம் என்ற நீர்ப்பூங்காவைக் கட்டி 2005இல் திறந்திருக்கமாட்டார்கள். ஜியாகா ஏரி என்ற பழைய பேரையும் திரும்ப வைத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் அதற்கு மனதார மகிழ்ந்தார்கள்.

ஆனால் விலங்குகளை சிக்ஸ் ஃபிளாக்ஸ் தன்னோடு கொண்டுபோய்விட்டது. ஷௌக்கா என்ற ஓர்க்கா கலிஃபோர்னியாவுக்குப் போனது. கூட்டம் பெருமளவு சரிந்தது. 2006 சீசன் முடிந்ததும் எக்ஸ் ஃபிளைட், ஸ்டீல் வெனம் என்ற இரண்டு கோஸ்டர்களைக் கழற்றி எடுத்தார்கள். எக்ஸ் ஃபிளைட் அதே கம்பெனியின் இன்னொரு பூங்காவான கிங்ஸ் ஐலண்டில் அடுத்த வருடமே வேறு பேரில் ஓடியது. ஒரே வாடிக்கையாளர் கூட்டத்துக்கு ஒரே முதலாளியிடம் இரண்டு பூங்கா இருந்தால், கஷ்ட காலத்தில் எதை விடுவார் என்பதில் சந்தேகமே இல்லை. சதி வேண்டியதில்லை, அக்கறை இல்லாமல் போனாலே போதும்.

கடைசி நாள் எப்படி இருந்தது?

மற்ற நாட்களைப் போலவே இருந்தது. 2007 செப்டம்பர் 16 அன்று சீசன் முடிந்தது. பூங்காவை நிரந்தரமாக மூடுகிறோம் என்ற அறிவிப்பு செப்டம்பர் 21 அன்று வந்தது. ஐந்து நாள் கழித்து! பிக் டிப்பரில் கடைசித் தடவை ஏறியவர்களுக்கு அது கடைசித் தடவை என்று தெரியாது. தாத்தா காலத்திலிருந்து போய்வந்த இடத்தை ஒரு தடவை நின்று திரும்பிப் பார்க்கும் வாய்ப்பைக்கூட அந்த மக்களுக்குக் கொடுக்கவில்லை. மூடியதை வியாபாரம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியும். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1978இல் சிப்பெவாவும் இப்படித்தான் சத்தமில்லாமல் மூடியது, அதன் ராட்சத ராட்டினத்துக்குள் மரமே முளைத்து வளர்ந்தது.

பிக் டிப்பரைக் காப்பாற்ற முயற்சி நடக்கவில்லையா?

நடந்தது. 2008 ஜூனில் பூங்காவில் இருந்தவற்றை ஏலம் விட்டபோது பிக் டிப்பர் 5,000 டாலருக்குப் போனது. கட்டும்போது ஆன செலவில் பத்தில் ஒரு பங்கு. வேறு இடத்தில் ஓட வைக்கலாம் என்று கொஞ்ச காலம் நம்பிக்கை இருந்தது. கடைசியில் யாராலும் நகர்த்த முடியவில்லை.

இரும்புக் கோஸ்டரைப் பகுதி பகுதியாக போல்ட்டைக் கழற்றி லாரியில் ஏற்றி இன்னோர் ஊரில் பூட்டிவிடலாம். மரக் கோஸ்டர் அப்படியில்லை. அந்த நிலத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஒவ்வொரு காலையும் அங்கேயே அறுத்து, அங்கேயே ஆணி அடித்து எழுப்பியது அது. பிரித்தால் மிஞ்சுவது பழைய பலகைகள்தான். பராமரிப்பு நின்ற மறுவருடமே மழையும் பனியும் மரத்தைத் தின்னத் தொடங்கும். ஒன்பது வருடம் செடிகொடிகளுக்கு நடுவே நின்றுவிட்டு, 2016 அக்டோபரில் இடிக்கப்பட்டது. ஒரு மாதம் முன்புதான் வைல்ட்வாட்டர் கிங்டமும் மூடியிருந்தது.

இப்போது அங்கே போனால் என்ன பார்க்கலாம்?

ஏரி இருக்கிறது. 2020 முதல் நிலத்தின் பெரும்பகுதி கட்டுமானக்காரர்கள் கைக்குப் போய், வீடுகள் வரத் தொடங்கிவிட்டன. இன்னொரு செய்தி: இந்தப் பூங்காவை ஒருவர் மாற்றி ஒருவர் கையில் வைத்திருந்த சீடர் ஃபேரும் சிக்ஸ் ஃபிளாக்ஸும் 2024 ஜூலையில் ஒன்றாக இணைந்துவிட்டன. இப்போது இரண்டும் ஒரே கம்பெனி, பேர் சிக்ஸ் ஃபிளாக்ஸ்.

அங்கே இருந்த எதிலாவது இன்றைக்கும் ஏற முடியுமா?

முடியும். 2000இல் பேட்மேன் பேரில் வந்த கோஸ்டர், டாமினேட்டர் என்ற பேரோடு வர்ஜீனியாவின் கிங்ஸ் டொமினியனுக்குப் போனது. தண்டர்ஹாக் என்ற கோஸ்டர் 2008இல் மிச்சிகனுக்கும், ஸ்டீல் வெனம் பென்சில்வேனியாவின் டோர்னி பார்க்குக்கும் போயின.

ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் குடை ராட்டினத்தைத்தான் சொல்வேன். மார்க்கஸ் இலியன்ஸ் என்ற புகழ்பெற்ற மரச் சிற்பியின் பட்டறையில் 1926இல் செய்தது. 1937இல் ஜியாகாவுக்கு வந்து எழுபது வருடம் அங்கே சுற்றியது. பூங்கா மூடியதும் அதை ஏலத்தில் விடாமல் பத்திரப்படுத்திப் பழுது பார்த்து, 2011இல் கன்சாஸ் சிட்டியில் உள்ள வேர்ல்ட்ஸ் ஆஃப் ஃபன் பூங்காவில் நிறுவினார்கள். கையால் செதுக்கிய குதிரைகள், பறக்கும் பிடரி மயிர். போகிறவர்கள் வெளிவரிசைக் குதிரையில் ஏறுங்கள், செதுக்குவேலை அதில்தான் அதிகம்.